டம்ளரை யார் கழுவுவது

எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில், இரண்டு சந்துகள் வந்து சேரும் முக்கில் இருக்கிறது. இரண்டு சந்துகளின் சாக்கடைகளும் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றாகச் சேர்ந்து, ஓர் இரும்புக் கம்பித் தடுப்பைத் தாண்டி, பெரிய சாலைக்கு அடியில் புகுந்து ஆற்றுக்குப் போகும். இந்த வீட்டை வாங்கியபோது என் கணவர், "முக்கு வீடு, ரெண்டு பக்கமும் காத்து வரும்" என்று பெருமைப்பட்டார். காற்று வரத்தான் செய்தது. போன வருடத் தைப்பூசத்தன்று தண்ணீரும் வந்தது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்காகச் சாலையோரம் பந்தல் போட்டு, இலவசமாகக் குடிக்கக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் முக்கில் எதிரும் புதிருமாக இரண்டு பந்தல்கள், சந்துக்கு ஒன்று. அன்று காலையிலிருந்து நல்ல வெயில். கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், குடித்துக்கொண்டே இருந்தார்கள். குடித்த பிளாஸ்டிக் கப்பைப் போட இரண்டு பந்தலிலும் தொட்டி வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். அந்தத் தொட்டி காலை பத்து மணிக்கே நிறைந்துவிட்டது என்பதும் உண்மைதான். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. கடல் ஏற்றத்தில் இருந்ததால் ஆறு தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கியது. கப்புகளெல்லாம் மிதந்து வந்து கம்பித் தடுப்பில் அடைத்துக்கொண்டன. நான் துடைப்பத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் கறுப்புத் தண்ணீர் வாசலைத் தாண்டி முன்னறைக்குள் போய்விட்டது.

முன்னறை என் கணவருடைய அறை. அவருக்குச் சிறுநீரகம் பழுது. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு அடுத்த பை. நாளுக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். ஆனால் அறை சுத்தமாக இருக்க வேண்டும். கதவு ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் குழாயைத் தொடுவோம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அறையில் சாக்கடை நின்றது. மருந்துப் பெட்டிகள் அடியிலிருந்து ஊறிப்போயின. நான் கிருமிநாசினி போட்டுத் தரையை எத்தனை முறை தேய்த்தும் பலனில்லை. வயிற்றில் கிருமி பிடித்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தேறி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: இன்னொரு தடவை இப்படி வந்தால் குழாயை எடுத்துவிட வேண்டியதுதான், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வதை இவருடைய இதயம் தாங்காது.

ஆகவே அடுத்த தைப்பூசத்துக்குள் அந்தச் சாக்கடைக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். முடியுமா என்ற சந்தேகம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை. நான் பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு சந்துகளிலும் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். என் முன்கோபம் இந்த வட்டாரத்தில் பிரசித்தம்; அது எனக்கு நிறைய வேலைகளைச் சுலபமாக முடித்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் கையுறை மாட்டிக்கொண்டு கம்பித் தடுப்பிலிருந்து கப்புகளை வாளி வாளியாக அள்ளினேன். ஒரு பந்தலில் வெள்ளைக் கப், இன்னொன்றில் கண்ணாடி மாதிரித் தெரியும் கப். வெள்ளையை எடுத்துக்கொண்டு ஒரு சந்துக்குப் போனேன். "அது எதிர்ப் பந்தலுது, டீச்சர்" என்றார்கள். மற்றதை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனேன். அங்கும் அதே பதில். சாக்கடைக்குள் மட்டும் இரண்டு ஜாதிக் கப்புகளும் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு ரொம்ப ஒற்றுமையாகக் கிடந்தன.

இந்த இரண்டு பந்தல்களும் ஒரு காலத்தில் ஒரே பந்தல்தான். என் கணவரும் வாலிபத்தில் அங்கே நின்று ஊற்றிக் கொடுத்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள், அதை அப்போது யாரும் கேட்கவில்லை, தாகத்தோடு வந்தவர்களும் கேட்கவில்லை. பிறகு மோர் கொடுப்பதா, ரோஸ் சிரப் கலந்து கொடுப்பதா என்று ஒரு பேச்சு வந்து, அது முற்றி, மோர்க்காரர்கள் முதல் சந்தோடும் சிரப்காரர்கள் இரண்டாம் சந்தோடும் பிரிந்துவிட்டார்கள். மோருக்குத் தலைவர் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிரப்புக்குத் தலைவர் மோட்டார் மெக்கானிக். அதற்கு முன் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிய சிநேகிதர்கள். பிரிந்தபின் ஒருவர் ஒலிபெருக்கி ஒன்று வைத்தால் மற்றவர் இரண்டு வைப்பார். ஒருவர் ஐந்நூறு பேருக்குக் கொடுத்தேன் என்றால் மற்றவர் ஆயிரம் என்பார்.

அவர்களை ஒன்றாக உட்காரவைத்தது நான் இல்லை. பந்தலுக்கு அனுமதி கேட்டு இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குத் தனித்தனியாகப் போனபோது, அங்கிருந்த அதிகாரி ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பிவிட்டார்: இரண்டு பந்தலும் ஒரே முக்கு, ஒரே சாக்கடை, குப்பைக்கு என்ன வழி என்று இரண்டு பேரும் பேசி ஒரு முடிவோடு சேர்ந்து வந்தால் அனுமதி, இல்லாவிட்டால் இரண்டுக்கும் கிடையாது. இப்போது உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்க மாட்டார். கடைசியில் தபால்கார அண்ணன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க வேதக்காரவங்க. மோரும் இல்ல, சிரப்பும் இல்ல. உங்க வீட்டுல வச்சுப் பேசிக்கிறோம், நீங்க நடுவுல உட்காருங்க."

"வாங்கண்ணே. தண்ணி பூந்தப்பவும் நான் நடுவுலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

முதல் கூட்டத்துக்குப் பக்கத்துக்கு மூன்று ஆண்களாக வந்தார்கள். எங்கள் கூடத்தில் மேசையைப் போட்டேன். தலைவர்கள் இருவரும் மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரிடம் ஒருவர் பேசாமல் என்னிடமே பேசினார்கள். "அவர கேளுங்க டீச்சர்", "அவருக்குச் சொல்லுங்க டீச்சர்" என்று நான் தபால் பெட்டியாக இருந்தேன். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மெக்கானிக் அண்ணன் மேசையில் குத்தியபோது சரியாகப் பை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குப் பை மாத்தணும். அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது, நடக்கக்கூடாது, ஃபேன் போடக்கூடாது."

நான் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணி நேரமும் வெளியே மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது ஆறு ஆண்களும் வேர்த்துப்போய், வாய் பொத்திய பாலர் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தபால்கார அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"தினமும் இப்படியா?"

"ஒரு நாளைக்கு நாலு வாட்டி."

அதற்குப் பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது. வெட்கம் மனிதனுக்கு நல்லது என்று நான் எப்போதும் நினைப்பேன். பிளாஸ்டிக் கப் கூடவே கூடாது, எவர்சில்வர் டம்ளர்தான் என்று முடிவானது. அவ்வளவு டம்ளருக்கு எங்கே போவது என்றபோது, எங்கள் வேதக்கோயில் சமையற்கட்டில் திருவிழா விருந்துக்கென்று மூட்டை மூட்டையாக இருக்கிறது, சாமியாரிடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அடியில் சின்னதாகச் சிலுவை பொறித்திருக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். "மோர் தொண்டைக்குக் கீழப் போறப்போ அடியவா பாக்கப் போறோம்?" என்றார் மெக்கானிக் அண்ணன். எதிரி கொடுக்கும் பானத்தின் பெயரை அவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். இருவரும் கை குலுக்கினார்கள். யாரோ போன் எடுத்துப் படம்கூடப் பிடித்தார்கள்.

மெக்கானிக் அண்ணனின் மனைவியும் தபால்கார அண்ணனின் மனைவியும் அப்போது என் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன்மார்கள் பிரிந்தார்களே தவிர இவர்கள் பிரியவில்லை. ஒருவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், மற்றவர் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், காலைக் கடை போடுகிறவர். கடையில்தான் தினமும் சந்தித்துக்கொள்வார்கள். தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்த மெக்கானிக் அண்ணனின் மனைவி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எல்லாம் சரி லா. டம்ளர யாரு கழுவுறது?"

ஆறு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அத்தனை வருடங்களில் முதல் முறையாக, மோரும் சிரப்பும் ஒரே குரலில் பேசின.

"நம்ம பொம்பளைங்க இருக்காங்கல்ல!"

சொன்னதில் அவர்களுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சிரிப்பாக வருகிறது. வேறு ஊர் ஆண்கள் என்றால் அகந்தையோடு சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆண்கள், சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொன்னார்கள். அந்த அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து தபால்கார அண்ணனின் மனைவியின் குரல் வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் பால்குடம் எடுக்கிறோம். மலை ஏறி எறங்கி வந்து ஆயிரம் டம்ளர் கழுவணுமாக்கும்?"

மறுநாளே பாசார் கடையில் வைத்து இரண்டு சந்துப் பெண்களும் பேசி முடித்துவிட்டார்கள். டம்ளரைப் பெண்கள்தான் கழுவ வேண்டும் என்றால் ஒருத்தியும் பந்தல் பக்கம் வர மாட்டாள். இஞ்சி தட்ட மாட்டாள், தயிர் கடைய மாட்டாள், சிரப் காய்ச்ச மாட்டாள். ஆண்களுக்கு இது புரியவே இல்லை. மோர்க்காரர்கள், இது சிரப்காரர்கள் தூண்டிவிட்டது என்றார்கள். சிரப்காரர்கள், மோர்க்காரர்கள்தான் பெண்களைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். பேசாமல் போன வருடக் கப்பே போதும், அதிகாரியிடம் டம்ளர் என்று சொல்லிவிட்டுக் கப்பை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னறையில் புதிதாக வந்து இறங்கியிருந்த மருந்துப் பெட்டிகளை உயரமான மேடை மேல் அடுக்கினேன். பெட்டியைத் தூக்கி வைக்கலாம். மனிதரை எங்கே தூக்கி வைப்பது? எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்துவிட்டால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

இரண்டாம் கூட்டத்துக்கு நானே ஆள் அனுப்பினேன். இந்த முறை மேசையைச் சுற்றி முதலில் பெண்களை உட்காரவைத்தேன். ஆண்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். தொலைக்காட்சியில் பெரிய பெரிய நாடுகள் சமாதானம் பேசுவதைக் காட்டுகிறார்கள். நீளமான மேசை, பூச்சாடி, தண்ணீர் போத்தல். அந்த மேசையைத் துடைக்கிறவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் முக்கில் அது நடந்தது.

மெக்கானிக் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"டம்ளர் கழுவ ஒரு மாநாடா டீச்சர்? இது சாமி காரியம். நீங்க வேற சாமி கும்பிடுறவங்க, உங்களுக்கு எப்படிச் சொல்றது..."

"சாமி உங்களுது அண்ணே. லொங்காங் எல்லாருதும்."

லொங்காங் என்றால் இங்கே சாக்கடை. அப்போது பார்த்து முன்னறைக் கதவு திறந்தது. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"நீங்க ஏன் எந்திரிச்சு வர்றீங்க?" என்றேன்.

"தண்ணி பூந்தது என் ரூமுக்கு. என்னையத் தவிர எல்லாரும் பேசுறீங்க" என்றார். நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். கோபக்காரியான நான் பதில் பேசாமல் எழுந்ததைப் பார்த்துத் தபால்கார அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

என் கணவர் பந்தலை எடுத்துவிடச் சொல்வார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் மனதுக்குள் அதைத்தான் கடைசி ஆயுதமாக வைத்திருந்தேன். அவர் இரண்டு சிநேகிதர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்தல் இருக்கணும். எனக்குப் பொழுதுக்கும் ஒரு சின்ன போத்தல் தண்ணிதான், அதுக்கு மேல டாக்டர் விட மாட்டாரு. நாக்கு வறண்டா எப்படி இருக்கும்னு உங்களவிட எனக்குத் தெரியும். நடந்து வர்றவனுக்குக் குடுக்கணும். ஆனா குடுக்கிறவன்தான் கழுவணும். நாம ஒண்ணா இருந்தப்போ யாரு கழுவுனா?"

அந்தக் காலத்தில் பந்தலில் கண்ணாடிக் கிளாஸ்தான். இந்த இரண்டு தலைவர்களும் சேர்ந்துதான் குழாயடியில் குத்தவைத்துக் கழுவுவார்களாம். மெக்கானிக் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்போ சின்னப் பசங்க லா" என்றார். "இப்போ பெரியாளாயிட்டீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார்.

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் பெண்கள்தான். அவர்களுடைய நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. ஊற்றுகிற கைதான் கழுவும். கழுவுவது பின்னால் ஒளிந்து இல்லை, பந்தலுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கும்படி. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. தொட்டியில் பிடித்து மைதானத்து மரங்களுக்கு ஊற்ற வேண்டும். மோர் டம்ளருக்குத் தேய்ப்பு அதிகம், சிரப் டம்ளரை அலசினால் போதும். அதனால் மோர்க்காரர்களுக்கு ஆள் குறைந்தால் சிரப்காரர்கள் கை கொடுக்க வேண்டும். கம்பித் தடுப்பில் நாள் முழுக்க இரண்டு பேர், சந்துக்கு ஒருவர். மெக்கானிக் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டார், ஒவ்வொன்றுக்கும் சம்மதித்தார். அனுமதி கேட்க அதிகாரியிடம் இரண்டு அண்ணன்களோடு இரண்டு அக்காக்களும் போனார்கள்.

தைப்பூசத்தன்று எங்கள் முக்கில் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயிறு பெருத்த ஆண்கள் வரிசையாக முக்காலியில் உட்கார்ந்து டம்ளர் தேய்த்தார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு பழைய குணம் திரும்பிவிட்டது: எந்தப் பந்தலின் டம்ளர் பளபளப்பு என்று போட்டி வந்தது. "டீச்சர், இத பாருங்க, முகம் தெரியுது!" என்று தபால்கார அண்ணன் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் உடனே ஒன்றைத் தூக்கிக் காட்டியது. சீனப் பெரியவர் ஒருவர் மோர் குடித்துவிட்டு, அவர்கள் கழுவுவதைப் பார்த்து, தன் டம்ளரைத் தானே அலசி வைத்துவிட்டுப் போனார். மலையிலிருந்து திரும்பிய அக்காக்கள் இருவரும் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, மகாராணிகள் மாதிரி ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். என் கணவரும் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். "குடிக்கத்தானே தடை, குடுக்க என்னா?" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

பை மாற்றும் நேரத்துக்கு அவரை உள்ளே அழைத்து வந்தேன். கையைக் கழுவி, கதவு ஜன்னல்களைச் சாத்தி, விசிறியை நிறுத்தியபோது வெளியே இடி கேட்டது. சரியாகப் போன வருடத்து நேரம். கடலும் ஏற்றம்தான் என்று தெரிந்துவைத்திருந்தேன். மழை ஓட்டின் மேல் விழுந்து இரைந்தது. குழாயில் இணைத்தாகிவிட்டது, அறையை விட்டு வெளியே போக முடியாது. மூடிய ஜன்னலுக்கு வெளியே சாக்கடையோரம் காலடிச் சத்தம், வாரியால் கம்பியைச் சுரண்டும் சத்தம், இரண்டு அண்ணன்களின் குரல்கள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மழையில் கேட்கவில்லை. ஆனால் என்னை நடுவில் வைத்துப் பேசவில்லை, நேராகவே பேசிக்கொண்டார்கள்.

"தண்ணி வருதா பாரு" என்றார் என் கணவர்.

நான் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சாக்கடை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, செம்மண் கலந்து சிவப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் சில செம்பருத்தி இலைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"போகுது" என்றேன்.

போன வருடத்திலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே அவர் தரையிலிருந்து காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொள்வார். உட்கார்ந்தபடி தூங்கிப்போனாலும் வைத்துக்கொள்வார். அன்று மழை விடும்வரை அவருடைய கால்கள் தரையிலேயே இருந்தன.